ஹீட்டர் போட்ட வீடும் காய்ந்த காற்றும்: கேள்வி பதில்

டிசம்பர் வந்தால் போதும், குளிர்நாடுகளில் இருக்கும் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரே புகார்: உதடு வெடிக்கிறது, தொண்டை காய்கிறது, இரவில் தூக்கம் இல்லை. நான் கனடாவில் ஆல்பர்ட்டா பக்கம் பல வருடம் ஃபர்னஸ் (வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் பெரிய ஹீட்டர்) பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக இருந்துவிட்டு இப்போது நாகர்கோவிலோடு வந்துவிட்டவன். ஹீட்டர், வீட்டுக் காற்று, ஈரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

எட்மண்டன் (சொந்த ஊர் குளச்சல்): அண்ணா, வெளியே முட்டளவு பனி கிடக்கு. பனியும் தண்ணிதானே? அப்புறம் வீட்டுக்குள்ள மட்டும் எப்படி இவ்வளவு வறட்சி? கதவுப் பிடியைத் தொட்டாலே ஷாக் அடிக்குது.

தம்பி, குளிர்ந்த காற்றில் ஈரம் தங்காது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 1 கிராம் நீராவிதான் இருக்க முடியும். குளச்சல் கடற்கரையில் 30 டிகிரி காற்றில் அதே இடத்தில் 30 கிராம் வரை இருக்கலாம். பெரும்பாலும் 20 கிராமுக்குக் குறையாது. அந்த மைனஸ் 20 காற்று இடுக்கு வழியாக உங்கள் வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடாகிறது. இப்போது அதனால் 18 கிராம் தாங்க முடியும், கையில் இருப்பதோ ஒன்றுதான். ஈரப்பதம் ஐந்தாறு சதவீதம் என்று ஆகிவிட்டது. நீங்கள் சமைப்பது, குளிப்பது, மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்துதான் அதைக் கொஞ்சமாவது மேலே தூக்குகிறது.

ஹீட்டர் ஈரத்தை எரித்துவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே வந்த காற்றிலேயே ஈரம் இல்லை. அதனால் காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷின் (ஹியூமிடிஃபையர்) வாங்கும் முன் இடுக்கை அடையுங்கள். கதவுக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில் நனைந்த கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அங்கே ஓட்டை. அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் கருவி. 24 டிகிரியில் 24 சதவீதம் காட்டும் வீடு, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே, 20 டிகிரிக்கு இறக்கினால் 30 சதவீதம் காட்டும். நம் ஆட்கள் ஊர்ச் சூடு வேண்டும் என்று 25 வைத்துவிட்டு, காற்று காய்கிறது என்று வருந்துகிறார்கள்.

மார்த்தாண்டம்: மகள் ஜெர்மனியில் நர்ஸ். ராத்திரி தொண்டை காயுதாம். ஹீட்டர் மேல ஒரு சருவத்துல வெள்ளம் வச்சா போதாதா? எதுக்கு மெஷினுக்குப் பணம் செலவழிக்கணும்?

அம்மா, நீங்கள் கேட்டதில் பாதி சரி. கணக்கைப் பாருங்கள்.

80 சதுர மீட்டர் வீடு என்றால் உள்ளே 200 கன மீட்டர் காற்று. மணிக்குப் பாதிக் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தை 20 சதவீதத்திலிருந்து 40க்கு ஏற்ற, மணிக்கு 370 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். நாளுக்கு 9 லிட்டர். சருவத்தில் வைத்த தண்ணீர் ஒரு நாளில் அரை லிட்டர் குறைந்தால் பெரிது. ஆக, முழு வீட்டுக்குச் சருவம் உதவாது.

ஆனால் மகள் படுக்கும் அறையை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. கதவைச் சாத்திய சின்ன அறைக்கு எட்டு மணி நேரத்துக்கு அரை லிட்டர் போதும். குளித்த துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அறையில் விரித்துப் போடச் சொல்லுங்கள். காலையில் துண்டு மொரமொரவென்று காய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் முழுக்கக் காற்றில் போயிருக்கிறது. சருவத்தைவிடத் துண்டுக்குப் பரப்பு அதிகம், அதனால் வேகமாக ஆவியாகும். ஹீட்டர் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் அதன் மேல் நேரே துணியைப் போடக் கூடாது, தீப்பிடிக்கும். தண்ணீர் ஓடும் ரேடியேட்டராக இருந்தால் பக்கத்தில் ஸ்டாண்டில் போடலாம்.

நாகர்கோவில்: ஏசி ரூம்ல குழந்தை தூங்குது. ஹியூமிடிஃபையர் வாங்கலாமா சார்?

வேண்டாம். உங்கள் அடுக்களையில் கல்லுப்பு ஜாடி கசிகிறதா பாருங்கள். கசிந்தால் காற்றில் ஏற்கனவே தேவைக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஏசி அதில் கொஞ்சத்தை எடுத்து வெளியே சொட்ட விடுகிறது, அவ்வளவுதான்.

டொராண்டோ (தக்கலை): ஹியூமிடிஃபையர் தண்ணில நாலு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம் விட்டா சளிக்கும் நல்லதுதானே?

இதை எல்லோரும் படியுங்கள். தொட்டியில் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள்.

தென் கொரியாவில் 1994 முதல் ஹியூமிடிஃபையர் தொட்டியில் கலக்கும் கிருமிநாசினி கடைகளில் விற்றார்கள். கழுவப் பயன்படும்போது ஆபத்தில்லை என்று நினைத்த இரசாயனம், புகைபோல நுண்ணிய துளியாகி நுரையீரலுக்குள் போனபோது அதைச் சிதைத்துவிட்டது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் செத்தார்கள். 2011இல்தான் காரணம் கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தினார்கள். குழந்தைக்கு நல்லது என்று நம்பித்தான் அந்தப் பெற்றோர் ஊற்றினார்கள். தைலம் அந்த இரசாயனம் இல்லைதான். ஆனால் வயிற்றுக்கோ தோலுக்கோ ஒத்துக்கொள்வது மூச்சுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெய் பிளாஸ்டிக் தொட்டியிலும் விரிசல் விட வைக்கும்.

வின்னிபெக் (திங்கள்நகர்): மேலே ஜெர்மனி அக்கா மகளுக்கு ஒண்ணு சொல்லணும். ஜன்னலைத் திறக்கவே கூடாது. திறந்தா இருக்கிற ஈரமும் போயிரும்.

ஸ்டுட்கார்ட் (கருங்கல்): அது தப்பு. இங்கே வீட்டுக்காரர் தினமும் ரெண்டு தடவை ஜன்னலை முழுசாத் திறக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கார். திறக்காம விட்டுப் பூஞ்சை வந்து, எங்க பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அட்வான்ஸ் பணம் பிடிச்சாங்க.

வின்னிபெக்: மைனஸ் 28ல திறந்து பாருங்க, தெரியும்.

ஸ்டுட்கார்ட்: அறிவியல் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான் அண்ணே.

இருவரும் நிறுத்துங்கள். உங்கள் வீட்டு ஈரப்பத மீட்டர் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று இருவருமே சொல்லவில்லையே?

வின்னிபெக்: 18.

ஸ்டுட்கார்ட்: 63.

சண்டை இங்கேயே தீர்ந்துவிட்டது. ஸ்டுட்கார்ட் தம்பி வீட்டில் புது ஜன்னல், காற்றுப் புக இடுக்கில்லை, வெளியே குளிரும் கடுமையில்லை. மூன்று வேளைச் சமையல், உள்ளேயே துணி காயப்போடுவது எல்லாம் சேர்ந்து 63. அது பூஞ்சைக்கு வழி. ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடினால் ஈரக் காற்று போய்விடும், சுவரின் சூடு போகாது. வின்னிபெக் வீட்டில் 18. அங்கே திறப்பது இருப்பதையும் இழப்பது. பொதுவாக 30 முதல் 50 சதவீதம் நல்லது. ஆனால் வெளியே மைனஸ் 20 என்றால் 30க்கு மேல் போக வேண்டாம், மைனஸ் 30 என்றால் 20 போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர். சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் சேர்வது தெரியாது, மரச்சட்டம் உளுத்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட கூரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வின்னிபெக்: அப்போ நல்ல காத்துக்கு என்ன வழி?

உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் சூட்டைக் கைமாற்றும் கருவி உண்டு, ஹெச்ஆர்வி என்பார்கள். உங்களுக்கு ஏற்றது ஈஆர்வி. அது சூட்டோடு ஈரத்திலும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்.

கால்கரி (இரணியல்): மெஷின் வாங்கின நாளிலிருந்து டிவி மேல எல்லாம் வெள்ளைப் பொடி.

அது அல்ட்ராசோனிக் வகை, அதிர்வால் தண்ணீரைப் புகைபோல ஆக்குவது. தண்ணீரில் இருக்கும் உப்பையும் சேர்த்தே தெளிக்கும், கால்கரி தண்ணீரோ கடினமானது. அந்தப் பொடி உங்கள் மூச்சிலும் போகிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், அல்லது திரி வைத்து ஆவியாக்கும் வகைக்கு மாறுங்கள். அதில் உப்பு திரியிலேயே தங்கிவிடும். கொதிக்க வைத்து ஆற்றினால் உப்பு முழுதாகப் போகாது.

குலசேகரம்: பேரனுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம்.

டாக்டரிடம் காட்டுங்கள்.

டொராண்டோ: விக்ஸ் போடலாமா? / லண்டன்: துளசித் தண்ணி? / டல்லாஸ்: டெட்டால் ஒரு மூடி?

தைலத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். டெட்டால் கேட்டவர் இரண்டு தடவை படியுங்கள்.

ஒட்டாவா (சுசீந்திரம்): அம்மாவுடைய வீணை. பலாமரம். ஜனவரியில் குடத்தருகே ஒட்டு விட்டுவிட்டது. ஈரத்தை ஏற்றினால் சேருமா?

தானாகச் சேராது, கைதேர்ந்தவர்தான் ஒட்ட வேண்டும். அதுவரை தந்தியைத் தளர்த்தி வையுங்கள். நம் ஊரில் வளர்ந்த பலா, நம் ஊர் ஈரத்தில் பதப்பட்டது. ஒட்டாவா குளிரில் அது நீர் இழந்து குறுக்கே சுருங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு. ஒரு துண்டு ஒரு பக்கமும் அடுத்தது வேறு பக்கமும் இழுத்தால் ஒட்டு விடாமல் என்ன செய்யும்? வறட்சியைவிட மோசமானது ஏற்ற இறக்கம். பகலில் 45, இரவில் 25 என்று ஆட விடாதீர்கள். சின்ன அறை ஒன்றில் வெளிச்சுவரும் சூட்டுக் காற்றுத் துளையும் இல்லாத மூலையில் வைத்து, அந்த அறையை மட்டும் 40 சதவீதத்தில் நிறுத்துங்கள். மெட்டு பதித்த மெழுகுக்கும் சூடு ஆகாது.

லெஸ்டர் (கொல்லங்கோடு): குளியலறை மூலையில் கறுப்பு படிஞ்சிருக்கு. எந்த ஹியூமிடிஃபையர் வாங்க?

எதுவும் வாங்காதீர்கள். உங்களுக்கு ஈரம் கூடுதல். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எட்மண்டன்: மலிவு மீட்டர் வாங்கினேன். நம்பலாமா?

சோதித்துவிட்டு நம்புங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். கரைந்து ஓடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஜிப் பையில் போட்டு அடைத்து ஒரு இரவு வையுங்கள். உள்ளே ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். நம் புத்தளம் உப்பளத்திலிருந்து கொண்டு போன கல்லுப்பு வேண்டாம். அதில் மெக்னீசியம் கலந்திருக்கும், கணக்கு தவறும்.

மெல்பர்ன்: எந்த கம்பெனி நல்லது? / சிகாகோ: பெஸ்ட் பிராண்ட்?

கம்பெனி சொல்ல மாட்டேன். தொட்டிக்குள் உங்கள் கை போக வேண்டும், அது ஒன்றைப் பாருங்கள். கை போகாத தொட்டியைக் கழுவ முடியாது, இரண்டு மூன்று நாளில் உள்ளே வழுவழுப்பு பிடிக்கும், அது அப்படியே காற்றில் வரும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டுங்கள், மூன்று நாளுக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள்.

ரெஜைனா (ஆரல்வாய்மொழி): ஃபர்னஸோட சேர்ந்த ஹியூமிடிஃபையர். உள்ளே தண்ணி ஊறுற பேட் எப்போ மாத்தணும் அண்ணாச்சி?

ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும். சுண்ணாம்பு அடைத்திருந்தால் நடுவிலும் ஒரு தடவை. வசந்தம் வந்ததும் தண்ணீர் வால்வை அடைத்து, பைபாஸ் குழாயில் காற்றை அடைக்கும் தகடான டாம்பரையும் கோடை நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.