ஹீமோகுளோபின் சரியாம், களைப்பு மட்டும் போகவில்லை

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். பெண், வயது 41. மரக்கறிச் சாப்பாடுதான். ஐந்து மாதமாக எட்டு மணித்தியாலம் படுத்தாலும் எழும்பும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது. மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலைமயிரும் கொட்டுகிறது. ஹீமோகுளோபின் 12.2, பிழையில்லை என்றார்கள். பார்மசியில் தந்த விற்றமின் போத்தல் இரண்டு முடிந்தும் மாற்றமில்லை. வேறு என்ன பார்ப்பது?

பதில்: 12.2 என்றால் குருதிச்சோகை இல்லை, அவ்வளவுதான். இரும்புச்சத்துக் குறைவு இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பு முதலில் சேமிப்பில் இருக்கும் இரும்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும். ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில். அந்தச் சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின். அது 30க்குக் கீழே இருந்து இப்படிக் களைப்பும் இருந்தால் இரும்புக் குறைவு என்றே எடுத்துக்கொள்ளலாம். உடம்பில் அழற்சி இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயரும், அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள்.

கையிலிருக்கும் எப்.பி.சி. (முழுக் குருதிப் பரிசோதனை) தாளில் எம்.சி.வி. (செங்குருதிக் கலத்தின் பருமன்) என்ற வரியைப் பாருங்கள். அது 80க்குக் கீழே, பெரிட்டினும் குறைவு என்றால் இரும்புதான். எம்.சி.வி. குறைந்து பெரிட்டின் நன்றாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் காவியாக இருக்கலாம். இலங்கையில் அது அரிதில்லை. அவர்களுக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை, களைப்புக்கும் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். பரிசோதிக்காமல் இரும்பு விழுங்க வேண்டாம் என்பது இதனால்தான்.

இரும்பு குறைவு என்று உறுதியானால் அது எங்கே போகிறது என்று தேட வேண்டும். இந்த வயதில் முதல் சந்தேகம் மாதவிடாய். ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாட் மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், பைப்ரொயிட் (கருப்பையில் வளரும் சாதாரணக் கட்டி) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். அடுத்தது சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை அது உள்ளே விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள்.

200 மி.கி. பெரஸ் சல்பேட் மாத்திரையில் இரும்பு 65 மி.கி. அளவில்தான் இருக்கிறது. நாளுக்கு ஒன்று, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில் தேசிக்காய்ச் சாற்றுடன் எடுத்தால் போதும். கூட எடுத்தால் வயிறுதான் கெடும். பால், கல்சியம் மாத்திரை, தேத்தண்ணி எல்லாம் இரண்டு மணித்தியாலம் தள்ளி. மலம் கறுப்பாகப் போவது வழமை. தார் மாதிரி ஒட்டும் பிசினாக, நாற்றத்தோடு போனால் அது இரத்தம்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவருக்கு விற்றமின் பி12 கட்டாயம் பார்க்க வேண்டும். கால் விரல் விறைப்பு, நாக்கு எரிவு இருந்தால் இன்னும் அவசரம். நீரிழிவுக்கு மெட்போமின் குடிப்பவர்களுக்கும் இது குறையும். உங்கள் போத்தலில் போலிக் அமிலம் இருந்தால், பி12 குறைந்திருந்தாலும் குருதி சரியானதுபோல் தெரியும், நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும்.

தைரொயிட்டுக்கு முதலில் ரி.எஸ்.எச். என்ற ஹோர்மோன் பரிசோதனை ஒன்றே போதும். மயிர் கொட்டுவதற்கென்று பயோட்டின் குடித்தால் அது சில இயந்திரங்களில் முடிவைப் பிழையாக்கும்; இரண்டு நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள். எட்டு மணித்தியாலம் தண்ணீர் மட்டும் குடித்து, வெறும் வயிற்றுச் சீனி, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஈரல் பரிசோதனை எல்லாவற்றையும் அதே காலையில் முடித்துவிடலாம். சீனி 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்துத்தான் நீரிழிவு என்பார்கள்.

இரத்தத்தில் தெரியாதவையும் உண்டு. குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். தடிமன், அலர்ஜி மாத்திரைகளும் சில பிரஷர் மருந்துகளும் ஆளைச் சோர வைக்கும். டெங்குக்குப் பிறகு வாரக்கணக்கில் களைப்பு நிற்கும். எதிலும் மனம் செல்லாமல் இருந்தால் மனச்சோர்வையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைத்தும் பேசலாம். சின்ன வேலைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விழுந்து கிடக்கிறீர்கள், பரிசோதனை எல்லாம் சரி என்றால் அது நாட்பட்ட களைப்பு நோயாக இருக்கலாம். "உடற்பயிற்சி செய்தால் சரிவரும்" என்ற அறிவுரை அங்கே கெடுதல்தான் செய்யும்.

மெலிவு, இரவு வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். நெஞ்சு நோ, மயக்கம், நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுதல் என்றால் ஆய்வுகூடத்துக்குப் போகாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.