டெய்லர்கள் பிழையை மறைக்கிறார்கள் என்றால், ஆட்களை மாற்றும் முன்

வணக்கம். திருப்பூரில் அறுபது பேர் வேலை செய்யும் தங்கள் பனியன் கம்பெனியில், டெய்லர்கள் தையல் பிழைகளைச் சொல்லாமல் அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவதாகவும், அவை கடைசிச் செக்கிங்கில்தான் தெரியவருவதாகவும், ஆட்களையே மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, தரக்குறைவுக்கும் ஆட்கள் வேலைக்கு வராமைக்கும் பெயர்போனதாகி 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, பணியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் பழையதே. ஆயினும் கார்களின் தரம் வெகுவாக உயர்ந்தது. பிழையைக் கண்ட எவரும் அன்று அங்கே ஒரு கயிற்றை இழுக்க முடிந்தது. குழுத் தலைவர் உடனே உதவிக்கு வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.

தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் பீஸ் ரேட் முறையைத் தாங்கள் குறிப்பிட்டதுதான் என்னை உறுத்துகிறது. பிழையைச் சொல்லி வேலையை நிறுத்தும் டெய்லர் அந்த நேரத்துக் கூலியையும் இழந்து, திட்டும் வாங்குகிறார் என்றால், அவர் மறைக்கத்தானே செய்வார்? முதலில், நிறுத்திய நேரத்துக்குச் சராசரிக் கூலியை உறுதிசெய்யுங்கள். யார் செய்தது என்று கேட்காமல், எங்கே தொடங்கியது என்று கேட்கச் சூப்பர்வைசர்களைப் பழக்குங்கள். ஊசி மழுங்கியதா, கட்டிங்கிலேயே அளவு பிசகியதா என்பது அப்போதுதான் வெளிவரும். தொடக்கத்தில் பிழைகள் கூடியதுபோலத் தோன்றலாம். இதுவரை மறைந்திருந்தவையே அவை. அந்த நாட்களில் தாங்களே மெஷின்களுக்கு நடுவே நின்று, சொன்னவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி கூறுங்கள்.