சாமுராய் கவசத்தில் இவ்வளவு கயிறும் அலங்காரமும் எதற்கு?

கயிறுகள் அழகுக்காக மட்டும் இல்லை, கவசத்தையே தாங்கிப் பிடிப்பவை அவைதான். பழைய கவசங்களில் இரும்பு அல்லது பதப்படுத்திய தோலால் ஆன சின்னச் சின்னத் தகடுகளை, ஆயிரத்துக்கும் மேல், பட்டுக் கயிறால் வரிசை வரிசையாகக் கோத்தார்கள். அதனால் கவசம் உடம்போடு சேர்ந்து வளையும். ஜப்பானின் ஈரக்காற்றில் துரு ஏறாமலிருக்க, தகடுகளில் உருஷி மரத்தின் பாலைப் பல முறை பூசிக் காயவைத்தார்கள். எனக்கு மிகவும் வியப்பளிப்பது இந்தப் பொறுமைதான்.

1543இல் போர்த்துகீசியர் தனேகஷிமா தீவுக்குத் துப்பாக்கி கொண்டுவந்த பிறகு, குண்டுகளைத் தாங்க வேண்டியிருந்ததால் பெரிய இரும்புத் தகடுகள் அதிகமாயின.

சரி, அலங்காரம்? போர்க்களத்தில் யார் யாரென்று தெரிய வேண்டுமே! போர்த்தலைவர் தாதே மசமுனேயின் தலைக்கவசத்தில் ஒரு பக்கம் நீண்ட பிறைநிலா. நாவோயே கனேட்சுகு என்ற சாமுராய் தன் தலைக்கவசத்தில் 'அன்பு' என்று பொருள்படும் எழுத்தையே பொறித்துக்கொண்டார். அந்த எழுத்து போர்க்கடவுள் ஒருவரின் பெயரில் வருவது என்பது பலர் தரும் விளக்கம். தும்பி உருவமும் நிறையக் காணலாம். அது பின்வாங்காமல் முன்னோக்கியே பறக்கும் என்று நம்பி, 'வெற்றிப் பூச்சி' என்றே அழைத்தார்கள்.