ஸ்பீக்கர்காரரிடம் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் நாலு பேர் மெட்டல் இசை வாசிக்கிறோம். கொழும்பு ஸ்ரூடியோவுக்குப் போகக் காசில்லை. வெறும் 50 பவுணில் பதிந்த அல்பம் ஒன்று உலகமெல்லாம் பேசப்பட்டதாக நண்பன் சொல்கிறான். உண்மையா? (பரந்தன் வாசகர்)

பதில்: அரைவாசி உண்மை, தம்பி. இங்கிலாந்தின் நேபாம் டெத் குழு வெளியிட்ட 'ஸ்கம்' அது. அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் மட்டும்தான் 1986 ஓகஸ்ட்டில் பேர்மிங்ஹாமில் 50 பவுணுக்குப் பதியப்பட்டது. அதுவும் தனி அல்பத்துக்காக இல்லை. இன்னொரு குழுவோடு ஆளுக்கொரு பக்கம் என்று பங்குபோட நினைத்தது, சரிவரவில்லை. கித்தார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக்குக்கு அந்த மாதம்தான் 17 வயது ஆனது. அவர் வேறு குழுவில் ட்ரம்ஸ் அடிக்கப் போய்விட்டார். பாடிய நிக் புல்லனும் விலகினார். அந்தப் பக்கத்தில் வாசித்தவர்களில் மிஞ்சியது ட்ரம்ஸ்காரர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். 1987 மே மாதம் லீ டோரியன், பில் ஸ்டீர், ஜிம் வைட்லி ஆகியோரோடு அவர் மறுபக்கத்தைப் பதிந்தார். ஜூலையில் இரண்டு பக்கமும் ஒரே தட்டாக, 28 பாட்டோடு இயர்ஏக் வெளியீடாக வந்தது. கொம்பனியின் பெயரே காதுவலி! நாங்கள் தமிழோசைக்குக் காதைக் கொடுத்துக் கிடந்த அதே பிபிசியின் இன்னொரு அலைவரிசையில் ஜோன் பீல் என்பவர் அந்தப் பாட்டுகளைப் போட்டார்.

உங்கள் நண்பர் 50 பவுணைப் பார்க்கிறார். நான் அந்த ஒன்பது மாத இடைவெளியைப் பார்க்கிறேன். ஆட்கள் கழன்ற பிறகும் தடியைக் கீழே வைக்காத ஒருவர் உங்கள் நாலு பேரில் யார்?

கேள்வி: ஒரு வினாடியில் முடிகிற பாட்டு இருக்கிறதாமே? (முள்ளியவளை வாசகி)

பதில்: இருக்கிறது தங்கச்சி, அதே அல்பத்தில்தான். 'யூ சஃபர்', நீளம் 1.316 வினாடி. கின்னஸிலும் ஏறியது. இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. 1997இல் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் கேட்பது வழக்கம். லண்டனில் இருந்த மச்சான் பதிந்து அனுப்பிய கசற் ஒன்று, மேலே 'பக்திப் பாடல்கள்' என்று எழுதியபடி வந்து சேர்ந்தது. போட்டால், ஒரே இரைச்சல். நான் வேகமாகச் சுற்றுகிறேன் என்று அம்மா ஏசினா. மெதுவாகச் சுற்றினேன். குரல் பேய் மாதிரி இழுபட்டதே தவிர, அடி ஓயவில்லை. நடுவில் 'டப்' என்று ஏதோ ஒன்று வந்து போனது. நாடா சிக்கிவிட்டதென்று நினைத்துக் கசற்றைக் கழற்றிப் பென்சிலால் சுற்றி எடுத்தேன். அது ஒரு முழுப் பாட்டு என்று தெரியவந்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

கேள்வி: சரி அண்ணா, எங்கள் வீட்டிலேயே பதியலாமா? தகரக் கூரை. (மறுபடி அதே பரந்தன் வாசகர்)

பதில்: பதியுங்கள். ஆனால் தகரம் உங்கள் ஐந்தாவது ஆள். கேட்காமலே கூட வாசிக்கும். கூரைக்குக் கீழே நெல்லுச் சாக்குகளை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள், ஸ்னேர் ட்ரம்முக்கு நேர் மேலே இன்னும் நெருக்கமாக. பதிகிற போனை ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒலி உடையும். அறை மூலையில், நெஞ்சு உயரத்தில் வைத்து ஒரு தரம் அடித்துக் கேளுங்கள். அழுக்கான சத்தம் வேண்டுமென்று ஆப்பில் கரகரப்புச் சேர்க்க வேண்டாம், உங்கள் அம்பிளிபயரில் அது தாராளமாக இருக்கும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் பதியாதீர்கள். விடிய நாலு மணிக்குக் காற்று அடங்கியிருக்கும். அயலட்டையிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.