அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பு நினைவிடத்தில் அருங்காட்சியகத்துக்குள்ளும் போக வேண்டுமா, வெளியே உள்ள நாற்காலிகளைப் பார்த்தாலே போதுமா?

இரண்டையும் பார்க்க வேண்டும், அதிலும் அருங்காட்சியகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் முறை டாலஸிலிருந்து சென்றபோது வெளிப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, இறந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் 168 நாற்காலிகளும் அழகாக இருக்கின்றன என்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த அவசரத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

1995 ஏப்ரல் 19 அன்று காலை 9.02 மணிக்கு, ஆல்ஃபிரட் மர்ரா கூட்டாட்சி அரசு அலுவலகக் கட்டடத்தின் முன் நிறுத்தப்பட்டிருந்த வாடகை லாரியில் முன்னாள் ராணுவ வீரரான திமோதி மெக்வே வைத்த குண்டு வெடித்தது. அருங்காட்சியகத்தில் அந்த நிமிடத்தைக் காட்சியாக அல்லாமல் ஒலியாகவே நாம் எதிர்கொள்கிறோம். எதிர்ச்சாரியிலிருந்த நீர்வள வாரிய அலுவலகத்தில் அன்று நிலத்தடி நீர் அனுமதி பற்றிய ஒரு விசாரணை 9 மணிக்குத் தொடங்கி ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்தது. நம்மை ஒரு சிறிய அறையில் அமரவைத்துக் கதவை மூடிவிட்டு அந்தப் பதிவை ஒலிக்கவிடுகிறார்கள். எந்த அரசு அலுவலகத்திலும் கேட்கக்கூடிய, கொட்டாவி வரவழைக்கும் நடைமுறைப் பேச்சு இரண்டு நிமிடம் ஓடுகிறது. என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், வெடிச்சத்தம் கேட்டபோது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். சிறு குழந்தைகளுடன் செல்பவர்கள் இந்த அறையைப் பற்றி முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

மெக்வே பிடிபட்ட விதத்தையும் உள்ளே விரிவாகச் சொல்கிறார்கள். நம்பர் பிளேட் இல்லாத காரை ஓட்டியதற்காக, குண்டு வெடித்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு நெடுஞ்சாலைக் காவலர் அவரை நிறுத்தியிருக்கிறார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்தால்தான் நாற்காலிகளின் வரிசை புரிகிறது. கட்டடத்தின் ஒன்பது தளங்களுக்கு ஒன்பது வரிசைகள். யார் எந்தத் தளத்தில் இருந்தாரோ அந்த வரிசையில் அவர் பெயர் பொறித்த நாற்காலி. இறந்தவர்களில் 19 பேர் குழந்தைகள், அவர்களுக்குரியவை அளவில் சிறியவை. குழந்தைகள் காப்பகம் இரண்டாம் தளத்தில் இயங்கியதால் சிறிய நாற்காலிகள் பெரும்பாலும் இரண்டாம் வரிசையில் இருக்கின்றன. முதல் முறை அந்த வரிசையின் எதிரே நின்றுதான் படம் பிடித்திருக்கிறேன், காரணம் தெரியாமலே.

நீண்ட ஆழமற்ற குளத்தின் இரு முனைகளிலும் நிற்கும் வாயில்களில் ஒன்றில் 9:01 என்றும் மற்றொன்றில் 9:03 என்றும் பொறித்திருக்கிறார்கள். இடையிலுள்ள நிமிடத்துக்கு எழுத்து இல்லை, நாம் நடக்கும் இடமே அது. அருகிலுள்ள மேட்டில் குண்டுவெடிப்பைத் தாங்கி நின்ற எல்ம் மரத்தையும் பார்த்துவிடுங்கள். கிளைகளில் சிக்கிய தடயங்களை எடுப்பதற்காக அதை வெட்டிவிடலாமா என்றுகூட அப்போது பேசியிருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு; வெளிப்பகுதிக்குக் கட்டணமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. எனவே பிற்பகலில் உள்ளே சென்று, இருட்டும் வரை வெளியே இருங்கள். நாற்காலிகளின் கண்ணாடி அடிப்பகுதிகளில் அப்போதுதான் விளக்கு எரியும்.