ராக்கெட் பொத்தானை அழுத்துபவரா தலைவர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விண்வெளி நிறுவனத் தலைவர் ராக்கெட்டில் போவாரா? (படிவம் 2 மாணவி, கேரித்தீவு)

தலைவராக இருக்கும்போது போவதில்லையம்மா. நாசாவின் தலைவராக இருந்த சார்ல்ஸ் போல்டன் 4 முறை போனவர்தான். ஆனால் அதெல்லாம் பதவிக்கு வருமுன்.

சந்திரயான்-3 இறங்கியபோது இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் தலைவர் சிவன் ஏன் அழுதார்? (ஜுக்ரா)

இரண்டு செய்திகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். அவர் கண்கலங்கியது 2019 செப்டம்பரில், சந்திரயான்-2 தரையிறங்கத் தவறியபோது. சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. அப்போது தலைவர் சோமநாத். 2025 ஜனவரியிலிருந்து நாராயணன். எத்தனை தடவை எழுதிவிட்டேன்: விண்வெளிச் செய்தி என்றால் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

ராக்கெட் விழுந்தால் தலைவரை நீக்குவார்களா? (தெலுக் பங்லிமா காராங்)

நீக்க வேண்டியதில்லை, முன்னால் வந்து நிற்க வேண்டும். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். நிருபர்களுக்குப் பதில் சொன்னவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலையில் ராக்கெட் வெற்றி பெற்றதும், "நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பிவிட்டார்.

தலைவருக்கு என்னதான் வேலை? (பந்திங்)

செம்பனைத் தோட்ட மேனேஜர் குலை வெட்டுவதில்லை. எந்த நிரையை அழித்து மறுநடவு செய்வது என்று முடிவெடுப்பவர் அவர். கன்று நட்டால் ஏறக்குறைய 3 ஆண்டுக்குக் காய்ப்பில்லை, ஆனால் மாதம் தவறாமல் சம்பளம் போட வேண்டும். விண்வெளித் தலைவரின் வேலையும் அதுதான்: அரசிடம் பணம் வாங்கி, ஆட்களைக் கட்டிக் காத்து, பலன் வரும்வரை பொறுப்பது. இஸ்ரோ தலைவர் விண்வெளித் துறையின் செயலாளராகவும் விண்வெளி ஆணையத்தின் தலைவராகவும் சேர்ந்தே இருப்பார். நாசா தலைவரை அதிபர் முன்மொழிய, செனட் ஏற்க வேண்டும். மனிதனை நிலவுக்கு அனுப்பும் அப்போலோ திட்டக் காலத்தில் 1961 முதல் நாசாவை நடத்திய ஜேம்ஸ் வெப் பொறியாளரல்ல. சட்டம் படித்தவர், அமெரிக்க அரசின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தவர். 1968 அக்டோபரில் விலகினார். மனிதன் நிலவில் கால் வைத்தது அடுத்த ஜூலையில். நட்டவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர்.

மலேசியாவில் இதெல்லாம் ஏது ஐயா? (இதுவும் பந்திங்)

இந்தக் கேள்விதான் என்னை வருத்துகிறது, அதுவும் பந்திங்கிலிருந்து! உங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் கொஞ்ச நேரம் போனால் சுங்கை லாங். அங்கேதான் தேசிய விண்வெளி மையம் இருக்கிறது. செம்பனைக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஆண்டெனா நிற்குமே, அதைக் கல்யாண மண்டபத்துக் கூரை என்றா நினைத்தீர்கள்?

தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்துப் பிள்ளைகளிடம் கேட்டேன். இஸ்ரோ தலைவர் பெயரைப் பாதிப் பேர் சொன்னார்கள். மஸ்லான் ஒத்மான் யார் என்றதும் வகுப்பே அமைதி. சிரம்பானில் பிறந்த வானியல் அறிஞர் அவர். ஐக்கிய நாட்டு விண்வெளி அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தவரை 2002இல் அழைத்து வந்து, புதிதாகத் தொடங்கிய மலேசிய விண்வெளி நிறுவனமான அங்காசாவின் தலைமை இயக்குநராக்கினார்கள். 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு கிடைத்த விண்வெளிப் பயணத்துக்கு, ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து ஆள் தேடியது அவர் காலத்தில்தான். 2007 அக்டோபரில் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் பறந்தார். படம் எடுத்துச் சுவரில் ஒட்டினோம்; பின்னால் வேலை பார்த்த அம்மையாரை மறந்தோம். இந்தியத் தலைவர்களைக் கொண்டாடுங்கள், நானும் கொண்டாடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். அங்காசாவில் வேலைக்கு 300 வெள்ளி கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டலாமா? (மோரிப்)

கட்டாதீர்கள். தொலையுணர்வு நிறுவனத்தோடு இணைந்து அங்காசா 2019லேயே மைசா என்ற புதிய விண்வெளி நிறுவனமாகிவிட்டது; அங்காசா என்று இப்போது ஒன்றில்லை. ஆண்டைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்கும்தான். பையனை இயற்பியலும் கணிதமும் எடுத்து மேலே படிக்கச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் போலீசில் காட்டுங்கள்.