16 ஆம்பியர் எம்சிபிக்குப் பதில் 32: கருகிய ஒயருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் ஓர் ஒப்பந்ததாரர் எங்கள் வீட்டில் புதிய டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பல இணைப்புகளாகப் பிரிக்கும் பெட்டி) அமைத்துத் தந்தார். ஏசியும் கீசரும் சேர்ந்து ஓடினால் எம்சிபி (மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. முறையிட்டபோது, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை மாற்றாமலேயே 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 32 ஆம்பியர் பொருத்தினார். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி இணைப்பும் கொடுத்தார். சென்ற வாரம் சுவருக்குள் ஒயர் கருகிப் புகை வந்தது. "விழாமல் செய்யச் சொன்னது நீங்கள்தான்" என்கிறார். ரசீது இல்லை, வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவு உண்டு. இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: கேட்க முடியும். அதற்கு முன் ஒன்று: அந்த இணைப்பை இந்த நிமிடம் முதல் பயன்படுத்தாதீர்கள். உயிர் தொடர்பான அக்கறையால் முதலில் இதைச் சொல்கிறேன். அதோடு, ஆபத்து தெரிந்த பின்னும் பயன்படுத்தினால் அடுத்து நேரும் சேதத்தில் உங்களுக்கும் பங்குண்டு என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும்.

எம்சிபி முதன்மையாகக் காப்பது ஒயரை. ஏசியையோ கீசரையோ அல்ல. 32 ஆம்பியர் எம்சிபி, ஏறத்தாழ 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டியதில்லை என்பதே அதன் தரநிர்ணயம். குழாய்க்குள் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. ஆகவே ஒயர் சூடேறி உறை கருகும்வரை எம்சிபி பேசாமல் இருந்ததில் வியப்பில்லை. முன்பு 16 ஆம்பியர் எம்சிபி விழுந்தது பழுதல்ல, எச்சரிக்கை. ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி இணைப்பு இழுத்திருக்க வேண்டும்.

சட்டத்தில் இதன் இடம் என்ன? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, மின் நிறுவல் வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த மாற்றம் நிறுவலின் திறனையோ தன்மையையோ மாற்றாததாக இருந்தால் மட்டுமே. 16-ஐ 32 ஆக்குவது திறனை மாற்றுவதுதான் என்பதால், "சின்ன வேலை" என்ற பதில் இங்கே எடுபடாது. தேசிய மின்சார நெறித்தொகுப்பு தன்னளவில் சட்டமன்று. எனினும் விதிமுறைகளின் நோக்கத்தை நிறைவேற்றப் பின்பற்றத்தக்கது என்று அவ்விதிமுறைகளே அதைச் சுட்டுவதால், கவனத்துடன் வேலை செய்பவர் எப்படிச் செய்திருப்பார் என்பதற்கு அதுவே அளவுகோலாகிறது. ஆர்சிசிபியைத் தவிர்த்தது எம்சிபியை மாற்றியதைவிடக் கொடிய தவறு என்பது என் கருத்து. ஈரமான குளியலறையில் மின்கசிவு நேர்ந்தால் உயிரைக் காக்கும் கருவி அது.

"நீங்கள்தான் சொன்னீர்கள்" என்ற வாதத்தைக் கண்டு தயங்க வேண்டாம். நீங்கள் கேட்டது தொல்லை தீர்வதை. எந்த வழியில் தீர்ப்பது என்பதை முடிவு செய்தது அவர். ஒயரின் தாங்குதிறனை அறிந்திருப்பதும், பாதுகாப்பற்ற வழியை மறுப்பதும், அதை உங்களிடம் சொல்வதும் தொழில் தெரிந்தவரின் கடமைகள். ஆபத்தை அவர் விளக்கி, அதன் பிறகும் நீங்கள் வற்புறுத்தியதாக எழுத்திலோ குறுஞ்செய்தியிலோ ஏதாவது இருந்தால் மட்டும் நிலைமை சிக்கலாகும்; அப்படி இருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

பழுதுபார்க்கும் அவசரத்தில் சாட்சியத்தை அழித்துவிடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின், எம்சிபியின் மேல் அச்சிட்ட எண், ஒயரின் அளவு, ஆர்சிசிபியைத் தாண்டிய இணைப்பு ஆகியவை தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். வேறொரு தகுதிபெற்ற மின் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும்; வழக்கின் முதுகெலும்பே அதுதான். கழற்றிய எம்சிபியையும் கருகிய ஒயரையும் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஒப்பந்ததாரருக்கு உரிமம் உண்டா என்று மாநிலத்தின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

ரசீது இல்லாதது தடையன்று. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே, வங்கிப் பதிவும் உரையாடல்களும் அதை நிறுவும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) கூறும் சேவைக் குறைபாட்டுக்குள் இது அடங்கும். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. கொடுத்த பணம், மறுவேலைச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள். பிரிவு 69-இன்படி கால வரம்பு இரண்டு ஆண்டுகள். எம்சிபி மாற்றப்பட்ட நாளிலிருந்தே அதை எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.